கண்ணாடிக்கு இப்பால் நிற்கும் குடும்பம்



பிறந்த ஊரை விட்டுப் பல நூறு மைல்களுக்கு அப்பால் வந்து குடியேறியுள்ள நம்மவர் வீடுகளில் பிரசவ காலம் நெருங்கினால், முதலில் நடக்கும் காரியம் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பதுதான். ஒன்று, கருவுற்றிருப்பவள் தாய் வீட்டுக்குப் போவாள். அன்றேல், அவளுடைய தாயார் பிரசவ மருந்துச் சாமான்களும் பழம்புடவைத் துணிகளுமாக மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்வார். இவ்விரண்டு ஏற்பாடுகளும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்பவை. குழந்தை நாள் கணக்கை அனுசரித்துத்தான் பிறக்கும் என்பதே அந்த நம்பிக்கை. அது பொய்த்துப்போகும் வீடுகளைப் பற்றி இன்று உங்களுடன் பேச எண்ணுகிறோம்.

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்று மருத்துவ நூலார் வகுத்துள்ளனர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுள் 30 இலட்சத்துக்கு மேற்பட்டவை நம் நாட்டில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கென்று மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிறப்புப் பிரிவு வழிகாட்டியாக அமைய, பின்னர் நாடு முழுவதும் மாவட்ட மருத்துவமனைகளில் அத்தகைய பிரிவுகள் எழுந்தன. 2011ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற சிசுவுக்குச் சிகிச்சையும் மருந்தும் பரிசோதனையும் வாகன வசதியும் கட்டணமின்றிக் கிடைக்க ஏற்பாடாயிற்று. முன்னாளில் பிழைத்திருக்க மாட்டாத குழந்தைகள் பல இன்று பிழைத்து வளர்கின்றன. இவை யாவும் மகிழத்தக்கனவே. ஆயினும், குழந்தை கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் அந்தப் பத்து நாளோ, முப்பது நாளோ, அறுபது நாளோ, அதனுடைய குடும்பம் எங்கே நிற்கிறது? எவ்வாறு நிற்கிறது? அதனை யாரேனும் கவனித்ததுண்டா?

எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறோம். 2013ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து டில்லிக் குளிரில், 31ஆம் வாரத்தில், எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்தாள். எடை 1,380 கிராம். மாமியார் அவர்களுக்கு எடுத்திருந்த ரயில் டிக்கெட் அன்றைக்கு ஆறு வாரம் கழித்துத்தான். நகரிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையைச் சேர்த்தார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் பிழைத்தது அவர்களால்தான். ஆனால் பெற்றவர்கள் நாள்தோறும் பத்து நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கிருந்த விதி. நண்பகலில் தாழ்வாரத்தில் டாக்டர் வந்து இரண்டு வாக்கியம் சொல்வார். அதையும் தந்தையிடம் சொல்வார். தாய் அருகில் நின்று வாயசைவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் இல்லத்தரசிக்கு அந்நாளில் ஹிந்தி அவ்வளவாகப் பழக்கமில்லை. மூன்று மணிக்கு ஒருமுறை ஒரு சிறு எவர்சில்வர்க் கிண்ணத்தில் தன் பாலை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே ஒரு கையில் கொடுப்பாள். கை மட்டுந்தான் வெளியே வரும், முகம் தெரியாது. அப்பால் குழந்தையின் வயிற்றுக்குள் செலுத்திய மெல்லிய குழாய் வழியாக அது போய்ச் சேரும்.

இவ்வாறு பதினெட்டு நாட்கள் கழிந்தன. பத்தொன்பதாம் நாள் அந்தக் கை நின்றது; ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பஞ்சாபைச் சேர்ந்த முதிய செவிலி ஒருத்தி. “உள்ளே வாருங்கள். இன்றைக்குப் பாலாடையில் கொடுத்துப் பார்க்கலாம்” என்று ஹிந்தியில் சொன்னாள். அந்த ஹிந்தியில் எங்கள் இல்லத்தரசிக்குத் தெளிவாகப் புரிந்த சொல் அந்த ஒன்றுதான். நம் ஊர்களில் சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கும், மூக்கு வைத்த அந்தச் சிறு கிண்ணத்தை, இந்தியா முழுவதிலுமுள்ள சிசு மருத்துவப் பிரிவுகளில் நம்முடைய அந்தப் பெயரிட்டே அழைக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம். பாட்டிமார் கையில் இருந்த ஏனம் டாக்டர்களின் நூலுக்குள் புகுந்திருக்கிறது. அன்று மாலை வீடு திரும்பியதும் அவள் பதினெட்டு நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். மருத்துவக் குறிப்பேட்டில் இச்செய்தி ஏறியிருக்காது.

இக்கதையை இப்போது நினைவூட்டியவர், சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்புக்கு அடுத்த கட்டடத்தில் குடிவந்த ஒரு செவிலியர். கேரளத்தைச் சேர்ந்தவர், முதுகலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோர், அந்தக் குடும்பங்கள், இடரைத் தாங்கித் தேறி வரும் ஆற்றல் எவ்வளவு உடையவர்கள் என்பதை வினாப்பட்டியல் கொண்டு அளக்க முடியும் என்றும், டில்லியில் தமிழ்த் தாய்மாரிடம் கேட்பதற்கு அவ்வினாக்களைத் தமிழில் பார்த்துத் தர வேண்டுமென்றும் கேட்டார். சர்க்கார் கோப்புக்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு எந்தக் காகிதமும் அந்நியமன்று. எனினும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. நெல்லை அளக்க மரக்கால் உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. ஒரு குடும்பத்தின் நெஞ்சுறுதியை அளக்கவும் கோல் உண்டா என்று கேட்டோம். உண்டு என்றார். அன்றிலிருந்து அதுபற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே கூறுகிறோம்.

இத்துறைக்கு வயது அதிகமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கணவன்மார் போர்முனைக்குச் சென்ற குடும்பங்களை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஆராய்ந்த ரூபன் ஹில் என்ற சமூகவியலார், 1949ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். நேர்ந்த இடர் ஒன்று; அதனைச் சமாளிக்கக் குடும்பத்தின் கையிலிருக்கும் துணைகள் ஒன்று; அந்த இடரைக் குடும்பத்தார் என்னவென்று பொருள்கொள்கிறார்கள் என்பது ஒன்று. இம்மூன்றும் சேர்ந்தே, குடும்பம் நிலைகுலையுமா, நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன என்றார் அவர். ஒரே இடர் இரண்டு வீடுகளுக்கு நேர்ந்து, ஒரு வீடு உடைய மற்றொரு வீடு நிற்பது ஏன் என்ற பழங்கேள்விக்கு, இது விதியைத் துணைக்கழைக்காத ஒரு விடை.

இன்னோர் ஆராய்ச்சி நம் பொருளுக்கு மேலும் நெருங்கியது. ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த கௌவாய் என்னும் சிறு தீவில் 1955ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் தம் துணைவருடன் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். பிறக்கும்போதே இடர்ப்பட்டவை, வறுமையில் பிறந்தவை, பூசலிட்ட குடும்பத்தில் பிறந்தவை என்று பல இடையூறுகளும் ஒருங்கே அமைந்த குழந்தைகளில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குறையின்றி வளர்ந்து ஆளானார்கள். பிரசவ காலத்துச் சேதங்களில் மிகக் கடுமையானவை நீங்கலாக, ஏனையவற்றின் விளைவு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தது. எந்த வீட்டில், யார் கையில் குழந்தை வளர்ந்தது என்பதே பெரிதாயிற்று. நன்கு வளர்ந்த குழந்தைகளிடம் காணப்பட்ட ஒரு பொது அம்சம், அவர்களைக் கைவிடாத ஒரு மனிதராவது அவர்கள் அருகில் இருந்தார் என்பது. அவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பாட்டியாகவும் இருக்கலாம்.

இவ்வாறு தனி மனிதரிடம் தேடிய ஆற்றலைக் குடும்பம் முழுவதிலும் தேடியவர்களுள் முதன்மையானவர் சிகாகோ நகரத்துப் பேராசிரியர் ஃப்ரோமா வால்ஷ். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் மூன்று இடங்களில் அந்த ஆற்றலைத் தேடச் சொல்கிறது. குடும்பத்தார் கொண்டுள்ள நம்பிக்கைகள் முதலாவது. குடும்பம் அமைந்திருக்கும் விதமும் அதற்குள்ள பொருள்வசதியும் சுற்றமும் இரண்டாவது. ஒருவரோடொருவர் ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்ளும் வழக்கம் மூன்றாவது. இவற்றை ஒட்டி அவர் வகுத்த வினாப்பட்டியலில் 32 கூற்றுக்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டில் மெகன் சிக்ஸ்பி என்பார் இதே அடிப்படையில் வகுத்த மற்றொன்றில் 54 உள்ளன. ஒவ்வொரு கூற்றையும் படித்து, அது தம் குடும்பத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பெற்றோர் குறிக்க வேண்டும். குறித்த எண்களைக் கூட்டினால் வருவது அளவு. கேட்பதற்கு எளிய வேலைதான்.

எளிதன்று என்பது மொழிபெயர்க்க உட்கார்ந்த முதல் மாலையிலேயே தெரிந்துவிட்டது. தலைப்பிலேயே இடறினோம். ரெஸிலியன்ஸ் என்ற சொல்லுக்கு மீள்திறன் என்பது வழக்கில் வந்திருக்கிறது. வளைத்து விட்ட மூங்கில் பழைய நிலைக்கு மீள்வதைச் சொல்ல அது நல்ல சொல். ஆனால் வால்ஷ் அம்மையார் கருதுவது பழைய நிலைக்குத் திரும்புவதை அன்று. அடிபட்ட குடும்பம் புதியதோர் அமைப்புடன் முன்னே செல்வதை. தாங்குதிறன் என்று எழுதிப் பார்த்தோம். எங்கள் இல்லத்தரசி அதைப் படித்துவிட்டு, “பெண்பிள்ளைகளிடம் தாங்கு, தாங்கு என்று சொல்வதற்கு ஊரில் ஆளா இல்லை? இதற்குப் படிப்பு வேறா?” என்றாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டோம். முடிவில் அவளே ஒரு சொல் தந்தாள். அந்நாட்களில் ஊரிலிருந்து மாமியார் தினந்தோறும் தொலைபேசியில் கேட்டது, “குழந்தை தேறுகிறதா?” என்பது, அடுத்தாற்போல், “நீ மனசைத் தேற்றிக்கொண்டாயா?” என்பது. மெலிந்த உடம்பு எடை கூடுவதும் தேறுதல்தான். துயருற்ற மனம் நிலைகொள்வதும் தேறுதல்தான். குழந்தைக்கும் தாய்க்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிறது நம் மொழி. ஆகவே, தேறும் ஆற்றல் என்று தலைப்பிட்டோம். பரீட்சையில் தேறுவதையும் அச்சொல்லே குறிக்கிறது என்பது மட்டும் எங்களுக்குச் சிறிது அச்சமாக இருந்தது. அந்த அச்சம் ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

அடுத்து வந்தது கம்யூனிட்டி என்ற சொல். இக்கட்டில் உதவக்கூடிய சுற்றுப்புறத்து மக்களைப் பற்றிய வினாக்கள் இப்பட்டியல்களில் உண்டு. அகராதியைப் பார்த்து, ‘எங்கள் சமூகத்தார் எங்களுக்கு உதவுவர்’ என்று எழுதிவிட்டால், தமிழ்த் தாய் அதை எவ்வாறு படிப்பாள்? தன் ஜாதிக்காரர்களைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றே கொள்வாள். அயல் மாநிலத்தில் தன் ஜாதியார் ஒருவரும் இல்லையே என்று ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி இடுவாள். ஒரு தவறான சொல்லால், உதவி நிறையப் பெற்ற வீடு, உதவியற்ற வீடாகக் கணக்கில் ஏறும். எங்கள் வீட்டில் அந்த 34 நாட்களும் மூத்த பையனைப் பள்ளியில் விட்டு அழைத்து வந்தவர் மேல்மாடியிலிருந்த சர்தார்ஜி. இரவு ரொட்டியும் பருப்பும் செய்தனுப்பியவர் அவருடைய துணைவியார். அலுவலகத்தில் எங்களுக்குரிய கோப்புக்களையும் சேர்த்துப் பார்த்தவர் ஓர் ஒடியா நண்பர். இவர்களை எந்தக் கட்டத்தில் அடைப்பது? ‘அக்கம்பக்கத்தாரும் தெரிந்தவர்களும்’ என்று எழுதினோம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அச்சொற்றொடர்தான் பொருந்தும்.

இத்தகைய பிழைகளைத் தவிர்க்க ஆராய்ச்சியாளர் கையாளும் முறை எங்கள் அலுவலகத்துக்கும் வந்தால் நல்லது என்று தோன்றுகிறது. ஒருவர் தமிழாக்கம் செய்ய, மூலத்தைக் கண்ணால் பார்த்திராத மற்றொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் எங்கே மாறுபடுகின்றன என்று பார்ப்பார்கள். பின்னர்ச் சில தாய்மாரை உட்கார வைத்து, ‘இந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு என்ன நினைவு வந்தது?’ என்று கேட்பார்கள். இந்தக் கடைசிப் படியே மிகவும் பயனுள்ளது. மறு ஆங்கிலத்தில் ‘சமூகம்’ மீண்டும் கம்யூனிட்டி என்றே வந்து குற்றமற்றதாகத் தோன்றும். தாயின் வாயைக் கேட்டால்தான் ஜாதி வெளிப்படும்.

கணக்கிலும் ஒரு சோதனை உண்டு. ஒரே பொருளைப் பற்றிய வினாக்களுக்கு வந்த விடைகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, குரோன்பாக் என்பவர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆல்ஃபா என்னும் எண்ணால் மதிப்பிடுகின்றனர். அது 0.7க்குக் குறையாமலிருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வர். ஆனால் நம் தாய்மாரின் இயல்பு அறிந்தவர் சிறிது நிதானிப்பர். வெள்ளை உடுப்பு அணிந்த ஒருவர் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று தலையசைப்பது நம்மவர் மரியாதை. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாலும் விடைகள் அழகாக ஒத்துப்போகும், எண்ணும் உயரும், உண்மை மட்டும் வந்திருக்காது.

மேலும், எழுதப் படிக்க அறியாத தாய்க்கு வினாவைப் படித்துக் காட்டுபவர் யார்? அந்த வார்டின் செவிலியே. அவள் கையில்தான் குழந்தை இருக்கிறது. ‘உங்கள் கவலையை இங்குள்ளவர்களிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா?’ என்று அவளே கேட்டால், எந்தத் தாய் இல்லை என்பாள்? கேரளத்துச் செவிலியரிடம் இதைச் சொன்னபோது, அவர் வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு, தம்முடைய சொந்த வார்டில் கேட்பதில்லை என்று முடிவு செய்தார்.

தந்தையரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தை அளப்பதாகச் சொல்லித் தாயை மட்டுமே கேட்டுவிட்டுப் போகும் ஆராய்ச்சிகள் பல. தந்தை பகலில் வேலைக்குப் போயிருப்பார்; கிடைக்கமாட்டார். ஊரிலிருந்து வந்து சமையலறையையும் மூத்த பிள்ளையையும் தாங்கும் பாட்டியைக் கேட்பவர் அதனினும் குறைவு. ‘கடவுள் விட்ட வழி’ என்று தாய் சொன்னால், அது ஊன்றுகோலா, கைவிட்ட பெருமூச்சா என்பதை அந்தப் பாட்டியல்லவா அறிவாள்?

இனி, அளந்து வந்த எண்ணை வைத்து என்ன செய்வது? இங்கேதான் எங்கள் அச்சம் வருகிறது. ஒரு தாய்க்கு எண் குறைவாக வந்தால், ‘இவள் தேறாதவள்’ என்று முத்திரை குத்திவிடுவது மிக எளிது. ‘என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், ஏன் முன்னதாகப் பிறந்தது’ என்று உறவினர் ஏற்கெனவே அவளைக் குடைந்திருப்பார்கள். இப்போது காகிதமும் சேர்ந்துகொள்ளும். எண் அதிகமாக வந்தால் வேறொரு தீமை: ‘இக்குடும்பம் பலமானது, இவர்களுக்கு உதவி தேவையில்லை’ என்று விட்டுவிடலாம். பலசாலி என்று பெயரெடுத்தவன் தலையில் மூட்டையை ஏற்றுவது உலக வழக்கம்.

ஆனால் தேறும் ஆற்றல் என்பது ஒரு வீட்டில் பிறவியிலேயே அமைந்த குணமா? இல்லை என்பதற்கு மருத்துவமனைகளே சான்று தருகின்றன. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரை வருத்துவது எது என்று அளக்க, மார்கரெட் மைல்ஸ் என்ற செவிலியப் பேராசிரியரும் அவர் துணைவரும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. அங்குள்ள கருவிகளின் காட்சியும் ஒலியும் ஒரு பகுதி. குழந்தையின் தோற்றமும் அசைவும் மற்றொரு பகுதி. பெற்றவர் என்ற பொறுப்புக் கைநழுவிப் போதல் மூன்றாம் பகுதி. பல நாடுகளில் கேட்டதில், பெரும்பாலும் இம்மூன்றாவதே பெருந்துயராக வந்திருக்கிறது. குழாய்களும் மணியோசையும் அச்சுறுத்துவது உண்மையே. எனினும் தன் குழந்தைக்குத் தான் செய்ய ஒன்றுமில்லை என்பதே தாயை அதிகம் உடைக்கிறது. இதைப் படித்தபோது எவர்சில்வர்க் கிண்ணமும் அந்தக் கையும் எங்கள் கண்முன் வந்தன.

எஸ்டோனியாவின் டாலின் நகரத்தில் 1979ஆம் ஆண்டில், செவிலியர் போதாக்குறையால், அடிக் லெவின் என்ற டாக்டர் தாய்மாரையே வார்டுக்குள் அழைத்துக் குழந்தைகளைப் பராமரிக்கச் செய்தார். தட்டுப்பாடு கற்பித்த பாடம் அது. கனடாவின் டொராண்டோ நகரத்து மருத்துவர்கள் அதைக் கண்டு கற்று, குடும்பம் இணைந்த பராமரிப்பு என்ற முறையை வகுத்தனர். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 பிரிவுகளில் நடத்திய சோதனையின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. குழந்தைகள் எடை நன்கு கூடின; பெற்றோரின் மனவுளைச்சலும் குறைந்தது. அச்சோதனையில் பெற்றவர் நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வார்டில் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நாட்கூலிக்காரர் ஒருவர் ஆறு மணி நேரம் அங்கே இருந்தால் அன்றைக்கு வீட்டில் உலை எரியாதே என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் டில்லியிலும் இது நடந்திருக்கிறது. ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோருக்குக் கைகழுவுதல் முதற்கொண்டு பயிற்சியளித்து வார்டுக்குள் அனுமதித்துச் சோதித்தனர். வெளியார் வந்தால் நோய்த்தொற்று மிகும் என்ற பழைய அச்சம் மெய்ப்படவில்லை. தாய்ப்பால் ஊட்டுதல் மிகுந்தது. இவ்வனுபவத்தின் வழியே மத்திய சுகாதார அமைச்சகம் 2017ஆம் ஆண்டில் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஸஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளைச் சேர்ந்த மருத்துவமனைகளும் உலகச் சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2021ஆம் ஆண்டில் வந்தது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல், பிறந்த உடனேயே தாயின் மார்போடு சேர்த்து அணைத்து வைத்தார்கள். தாய் இல்லாத வேளையில் பாட்டியோ சகோதரியோ அணைத்துக்கொண்டார்கள். 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் வழக்கமான முறையில் 100க்கு 15.7, இம்முறையில் 12.0. நன்மை இத்துணைத் தெளிவாகத் தெரிந்ததால் ஆராய்ச்சியை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே, கதவு மூடியிருந்த வார்டில் ஒரு தாய்க்கு வரும் எண் வேறு. கதவு திறந்த வார்டில் அதே தாய்க்கு வரும் எண் வேறு. அந்த எண்ணில் ஒரு பங்கு குடும்பத்தினுடையது. ஒரு பங்கு கதவினுடையது. குறைந்த எண் வந்த இடத்தில், இக்குடும்பத்துக்கு நாம் எதைக் கொடுக்கவில்லை என்று மருத்துவமனை தன்னைக் கேட்டுக்கொள்ளுமானால் இந்த அளவுகோலுக்குப் பயன் உண்டு. தாய்க்கு விளங்கும் மொழியில் பேச ஒருவர், இரவில் படுக்க ஓரிடம், தொடுவதற்கு அனுமதி, ஊரிலிருந்து வந்த பாட்டியையும் உள்ளே விடும் ஒரு சீட்டு, இவை யாவும் மருத்துவமனை கொடுக்கக்கூடியவை. நம்மில் ஹிந்தியோ மராத்தியோ வங்காளியோ நன்கறிந்தவர்கள், புதிதாக வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக நண்பகலில் அந்தத் தாழ்வாரத்தில் அரைமணி நேரம் நிற்கலாம். டாக்டர் சொல்லும் இரண்டு வாக்கியத்தைத் தாயின் காதில் தமிழில் சொன்னால் போதும். கோப்பு மொழிபெயர்ப்பதைக் காட்டிலும் அது கடினமன்று.

மொழிபெயர்ப்பு முடிந்ததும், வரிகள் விளங்குகின்றனவா என்று பார்க்க, செவிலியர் எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் இல்லத்தரசியிடமே அதைப் படித்துக் காட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்து விடை சொல்லிக்கொண்டே வந்தாள். ‘எங்கள் குடும்பம் இந்த இடரிலிருந்து தேறி வரும்’ என்ற கூற்று வந்தபோது நிறுத்திவிட்டாள்.

“சிஸ்டர், எந்த நாளுக்கு எழுதட்டும்? பத்தொன்பதாம் நாளுக்கு முன்பா, பின்பா?”

“இரண்டுக்கும் வேறு வேறு விடையா?”

“முன்பு கேட்டிருந்தால் ஒன்று. பின்பு கேட்டிருந்தால் ஐந்து.”

செவிலியர் பேனாவை எடுத்து, பட்டியலின் தலைப்புக்குக் கீழே, பெயரும் வயதும் எழுதும் இடத்தை அடுத்து, தம் கையாலேயே இரண்டு கட்டங்கள் வரைந்தார். குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது ஒன்று. தாய் குழந்தையை முதன்முதலாகக் கையில் எடுத்தது எத்தனையாம் நாள் என்பது மற்றொன்று.